இழவும் இளிவும் - துக்கத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இறந்தோரை எண்ணி அழுதல் பலவீனத்தின் அறிகுறி என்று கருதுவோர் நம்மிடையே இரு சாரார். ஒரு சாரார், உடல் நிலையற்றது, உயிர் போகுமிடம் வினையின்படி அமைவது, ஆகவே அழுகை அறியாமையின் விளைவு என்பர். மற்றச் சாரார், படித்த நாகரிகத்தின் பெயரால் அழுகையைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்க வேண்டிய காரியமாக்குவர். இவ்விரு சாராரும் வெவ்வேறு வாயில்களாற் புகுந்து ஓரிடத்திலேயே வந்து நிற்கின்றனர். துக்கம் என்பது தனிமனிதரின் உள்ளத்துக்குள் நிகழ்வது. அதனை அவரவரே அடக்கிக் கொள்ளல் வேண்டும் என்பதே அவ்விடம். துக்கத்துக்கு ஒரு சமுதாய வரலாறு உண்டு என்பதை இருவருமே காணத் தவறுகின்றனர்.

கடந்த அரை நூற்றாண்டில் இந்நாட்டிலே துக்கம் நுழையாத ஊர் இல்லை. போரும் கிளர்ச்சியும் கடற்கோளும் கொள்ளைநோயும் மாறி மாறி வந்தன. அவை கொண்டு சென்றவர்களுக்காக அழும் உரிமைகூடச் சிலருக்கு வாய்த்தது, சிலருக்கு மறுக்கப்பட்டது. இந்நிலையில், செவ்வையாகத் துக்கித்தல் என்றால் என்ன, அதற்கு மனிதருக்கு வேண்டுவன எவை என்ற வினாக்கள் சமய போதகருக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரியனவல்ல. சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கும் எல்லோர்க்கும் உரியன.

இவ்வினாக்களை ஆராயப் புகுவோர்க்குத் தொல்காப்பியம் ஒரு நல்ல தொடக்கத்தைத் தருகின்றது. மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த ஆசிரியர், நகைக்கு அடுத்ததாக அழுகையை வைக்கின்றார். அவ்வழுகை நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்பது அவர் கருத்து. அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுவது இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழப்பது இழவு. முன்னிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்வது அசைவு. நுகர்வதற்கு ஒன்றும் இல்லாமை வறுமை. மரண வீட்டை இன்றும் 'இழவு வீடு' என்று வழங்கும் நம் மக்களின் நாவிலே இவற்றுள் ஒன்று உயிரோடு இருக்கின்றது.

இலக்கணகாரர் இந்நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தியமை நம் சிந்தனைக்கு உரியது. மரணத்தால் வரும் துயரை வறுமையினின்றும் அவமதிப்பினின்றும் தனியே பிரித்து அவர் பார்க்கவில்லை. அழுபவரின் கண்ணீரிலே இவை கலந்தே வருகின்றன. கணவனை இழந்த கூலிக்காரப் பெண்ணின் அழுகையில் எவ்வளவு இழவு, எவ்வளவு வறுமை என்று அளந்து கூற எவராலும் இயலாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு துக்கத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் முடிச்சுகள் பல அவிழ்கின்றன.

பண்டைத் தமிழர் இழவைப் பொதுநிகழ்ச்சியாகவே கொண்டனர். தலைவன் மாய்ந்தவிடத்துப் புலவரும் சுற்றமும் செயலற்று இரங்கும் கையறுநிலை, புறநானூற்றிலே ஒரு துறையாக அமைந்துள்ளது. அதியமானை இழந்த ஔவையாரும், பாரியை இழந்த கபிலரும் தம் துயரைச் சபையறியப் பாடினர். அதனால் அவர்களது புலமைக்கு இழுக்கு நேர்ந்ததாக எவரும் கருதவில்லை. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கைத் தொல்காப்பியம் படிப்படியாக விரித்துரைக்கின்றது. தக்க கல்லைக் காண்பது, அதற்குரிய நாள் கொள்வது, நீரில் ஆட்டுவது, நடுவது, சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என ஆறு நிலைகள் கூறப்படுகின்றன. ஒவ்வொரு நிலையிலும் பலர் கூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காலம் செல்லும். இறந்தவனுக்கு ஓரிடமும் ஒரு பெயரும் ஒரு நாளும் கொடுத்து, உயிரோடிருப்போர் மீண்டும் வயலுக்கும் ஆநிரைக்கும் திரும்பும் வழி இது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டி நாளன்று இறந்தவரின் வரலாற்றையும் சுற்றத்தாரின் புலம்பலையும் செய்யுளாக அச்சிட்டு வழங்கும் சிறுநூலுக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். கல்லிற் பொறித்த நினைவு காகிதத்துக்கு வந்து சேர்ந்ததை அப்பெயரே காட்டிக் கொடுக்கின்றது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நடுகல் வீரனுக்கே நடப்பட்டது. அவன் வயலில் உழைத்தவனுக்குக் கல் இருந்ததாகத் தெரியவில்லை. கைம்பெண்ணின் நிலை இன்னும் கொடியது. பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு பாடியதாகப் புறநானூற்றிலுள்ள செய்யுள், கணவனோடு தீயிற் புகுவதே தனக்கு எளிது என்று வாதிக்கின்றது. அவர் அதற்குக் காட்டும் காரணம் கைம்மை நோன்பின் கொடுமையாகும். சுவையற்ற உணவும் பாயில்லாப் படுக்கையும் அவருக்குத் தீயினும் வெம்மையாகத் தோன்றின. கணவனை இழந்தது இழவு. அதன் மேல் உணவையும் உடையையும் மதிப்பையும் பறித்தது மரணமன்று, சமுதாயம். அரசியாயினும் பெண் என்ற காரணத்தால் இழவோடு இளிவையும் அசைவையும் சுமக்க நேர்ந்தது. துயரைத் தாங்கக்கூடியதாக்குவதும் தாங்க முடியாததாக்குவதும் ஒரே மரபின் இரு கைகளாக இருந்தமையை இங்கு அவதானிக்கலாம்.

இவ்விரு கைகளையும் ஒருசேரக் காண வேண்டுமாயின் ஈழத்துச் செத்தவீட்டை நோக்கினாற் போதும். மரணம் நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலாரும் உறவினரும் உணவு கொண்டு வருவர். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குழறி அழுவர். சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடப்படும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பர். வாய்க்கரிசி இடுவதன் மூலம் ஒவ்வொருவரும் இறந்தவருக்குத் தம் கையால் ஏதோ ஒன்றைச் செய்துவிடுகின்றனர். பின்னர் காடாத்து, அதன் பின் இறந்தவர் விரும்பியுண்ட பண்டங்களைப் படைக்கும் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆண்டு முடிவில் திவசம். துயருற்றவரை இச்சடங்குகள் ஒரேயடியாகத் தனியே விடுவதுமில்லை. என்றென்றைக்கும் துயரிலேயே வைத்திருப்பதுமில்லை. காலத்தைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சுற்றத்தைக் கூட்டி, படிப்படியாக அவரை வாழ்வின் பக்கம் திருப்புகின்றன.

செத்தவீட்டின் உயிர்நாடி ஒப்பாரி. 'ஒப்புச் சொல்லி அழுதல்' என்று நம் ஊர்களில் இதனைக் கூறுவர். எழுத்தறியாத பெண்கள் கட்டிய இக்கலையை நெடுங்காலமாக நம் புலவருலகு இலக்கியமென ஏற்கவில்லை. ஒப்பாரி இறந்தவரின் பெருமையை மட்டும் பேசுவதன்று. சீதனக் குறைக்காக ஏசிய மாமியார், காணிப் பங்கில் வஞ்சித்த சகோதரன், கடன் கொடுத்தவனின் நெருக்குதல், வாழ்நாள் முழுதும் அடக்கி வைத்த ஆற்றாமை ஆகிய யாவும் அதிலே வந்து விழும். மற்றெங்கும் பேச அனுமதிக்கப்படாத பெண்ணுக்கு, சபை நடுவே உரத்துப் பேச அன்று ஒருநாள் இடம் கிடைக்கின்றது. எவரும் அவளைத் தடுக்க மாட்டார். ஏனெனில் அவள் அழுகின்றாள். தொல்காப்பியர் கூறிய நால்வகை அழுகையும் ஒப்பாரியில் ஒன்றாக ஒலிக்கின்றன எனல் மிகையாகாது.

ஆனால் அதே வீட்டின் முற்றத்தில் வேறொரு காட்சியும் உண்டு. பறையடிப்போர், வெள்ளை கட்டுவோர், சிகை களைவோர் என நிலமானிய சமுதாயம் வகுத்த குடிமைத் தொழில் முறையிலேயே உயர்சாதியாரின் மரணச் சடங்கு நடந்தேறியது. பிறர் வீட்டுத் துக்கத்துக்குத் தம் உழைப்பை ஈந்த அம்மக்களுக்கு அவ்வீட்டுப் படலைக்குள் உரிமையோடு நுழைய முடியவில்லை. அவர்களது சுடலையும் வேறாகவே இருந்தது. ஒடுக்கப்பட்டோர் பலர் சாவீட்டுப் பறையை உதறியபோது அதனை மரபுக்குச் செய்த துரோகமென்று கூறியோர், தாம் அம்மக்களின் இழவு வீட்டுக்கு எத்தனை முறை சென்றனர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. பெண்கள் நிலையும் இதுவே. நாள் முழுதும் அழுத பெண் சுடலைக்குச் செல்லக்கூடாது. பிள்ளையில்லாத் தந்தைக்கு அவர் வளர்த்த மகளாயினும் கொள்ளி வைக்கக்கூடாது. கைம்பெண்ணின் பொட்டும் பூவும் அன்றே பறிக்கப்படும். அடுத்த திருமண வீட்டில் அவள் பின்வாசலில் நிற்பாள். சடங்கின் ஆற்றும் வலிமையைப் பேசுவோர், யாரை ஆற்றியது, யாரைப் புண்படுத்தியது என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

இனிச் சமயங்கள் துக்கத்தைப் பற்றி யாது கூறின என்று காண்போம். நிலையாமையைப் போதிப்பதிற் பௌத்தத்துக்கு நிகரான சமயம் இல்லை என்பர். அப்போதனையைக் கூறும் கிசா கோதமியின் கதை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இறந்த குழந்தையைத் தோளிற் சுமந்து மருந்து தேடி அலைந்த அத்தாயிடம், மரணம் நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வருமாறு புத்தர் கூறினார். அவள் வீடு வீடாகச் சென்றாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. மரணமும் எல்லா வீட்டிலும் இருந்தது. இக்கதையை நிலையாமைக்கு உதாரணமாகவே நம் போதகர் கூறிவருகின்றனர். ஆனால் புத்தர் அப்பெண்ணை அமரவைத்துப் பிரசங்கம் செய்யவில்லை என்பதையும் நாம் கவனித்தல் தகும். அவளை அவர் அயலாரிடம் அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் அவள் தன் இழவைச் சொன்னாள்; அவர்கள் தம் இழவைச் சொன்னார்கள். இவ்வாறு கூறியும் கேட்டும் வந்த பின்னரே குழந்தையைத் தோளினின்று இறக்கி வைக்க அவளால் இயன்றது.

தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் ஏறத்தாழ இதே பெயருடைய ஒரு தாயைக் காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில் அஞ்சி உயிர் நீத்த மகன் சார்ங்கலனுக்காகக் கோதமை என்பாள் சம்பாபதித் தெய்வத்தின் முன் வழக்காடுகின்றாள். தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தருமாறு கேட்கின்றாள். அது இயலாதெனத் தெய்வம் கூற அவள் ஏற்க மறுக்கின்றாள். ஈற்றில் சக்கரவாளத்துத் தேவர்கள் யாவரையும் அழைத்துச் சாட்சி கூறுவிக்க வேண்டியதாயிற்று. முன்னைய கதையில் அயல்வீடுகள் சாட்சி; பின்னையதில் தேவர்கள் சாட்சி. இரண்டிலும் தாய் கேட்பது ஒன்றே. போனவன் மீளான் என்பதை அவளுக்கு ஆணையிட்டுக் கூறினாற் போதாது; அவள் நம்பக்கூடிய சாட்சி வேண்டும். இவ்விடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் தேவைப்படும்.

ஏனைய சமயங்களும் அழுகையை முற்றாக மறுத்தனவல்ல. உரத்துப் புலம்புவதை இஸ்லாம் கண்டிக்கின்றது. துக்கத்துக்கு மூன்று நாளையும், கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாளையும் எல்லையாக வகுத்துள்ளது. அதே சமயம், தம் சிறு மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகம் கண்ணீர் விட்டதையும், அதனை இரக்கத்தின் வெளிப்பாடென அவர் கூறியதையும் முஸ்லிம்கள் போற்றிப் பேசுகின்றனர். லாசரின் கல்லறை முன் யேசு அழுததை யோவான் சுவிசேஷம் பதிவு செய்துள்ளது. நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கர் சேமக்காலைகளில் மெழுகுதிரி ஏற்றுவர். சிங்களப் பௌத்தர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் அளித்து அதன் புண்ணியத்தை இறந்தோர்க்கு ஈவர். தத்துவ நூல்கள் எவ்வளவுதான் பற்றறுக்கச் சொன்னாலும், மக்கள் வாழ்ந்த சமயம் அழுகைக்கு எல்லையும் இடமும் வகுத்ததேயன்றி அதன் வாயை அடைத்துவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்குள் உளவியல் புகுந்தது. சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் துக்கத்தையும் நோயாகிய மனச்சோர்வையும் வேறுபடுத்தினார். துக்கம் நோயன்று, அது உள்ளம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை, அதிற் தலையிடுவது தீங்காகவும் கூடும் என்றார். இழந்தவரிடமிருந்து பற்றைச் சிறிது சிறிதாக மீட்டு வேறிடத்தில் வைப்பதே அவ்வேலை என்பது அவர் அன்றைய கொள்கை. 1920இல் அவருடைய மகள் சோபி நச்சுக்காய்ச்சலால் இறந்தார். 1929இல் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அவ்விழப்பின் வெற்றிடம் நிரம்பாது என்றும், நிரம்பாதிருப்பதே முறை என்றும் அவர் எழுதினார். தந்தையின் அனுபவம் அறிஞரின் கொள்கையைத் திருத்தியது. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்போர் வெளியிட்ட நூல், இறந்தோருடன் உறவு தொடர்வது நோயன்று, பெரும்பாலோர்க்கு இயல்பே என்று வாதித்தது. ஆண்டுதோறும் திவசம் செய்யும் நம் கிராமத்துப் பாட்டிக்கு இது புதிய செய்தியாக இராது.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து இரவு விடுதியொன்றில் 1942 நவம்பர் 28ஆம் நாள் மூண்ட தீயில் 492 பேர் மாண்டனர். அவ்விபத்திலும் பிறவாற்றாலும் உறவினரை இழந்தோரை ஆராய்ந்த எரிக் லின்டமன், 1944இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துயரை ஒத்திப்போட்டோரிடம் அது பின்னர் உருமாறித் தோன்றுவதை அவர் கண்டார். எட்டு முதல் பத்துச் சந்திப்புகளில், நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள், மருத்துவர் ஒருவர் உதவிவிடலாம் என்றும் நம்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை இதனோடு ஒப்பிட்டு, நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டும் கூட்டத்தில் நாம் சேரப் போவதில்லை. லின்டமனின் கணக்கு மிகக் குறுகியது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. துக்கம் வாரக் கணக்கில் முடிவதன்று.

பின்னர் 1969இல் எலிசபெத் கூப்லர்-ரோஸ் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை வகுத்தார். இவ்வைந்தும் இன்று பயிற்சி வகுப்புகளில் வாய்ப்பாடுபோல் ஒப்புவிக்கப்படுகின்றன. அவர் முதலில் ஆராய்ந்தது மரணத்தை எதிர்நோக்கிய நோயாளரையே, மரணத்தால் துயருற்றோரையன்று. ஐந்து படிகளில் வரிசையாக ஏறி எவரும் துக்கத்தைக் கடப்பதில்லை. ஸ்ட்ரோப, ஸ்கூட் என்னும் ஒல்லாந்த ஆய்வாளர் 1999இல் கூறியது அனுபவத்துக்கு அணித்தாக உள்ளது. துயருற்றவர் ஒரு சமயம் இழப்பின் பக்கம் சாய்வர். மறு சமயம் உலை வைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதுமான வாழ்வின் பக்கம் சாய்வர். இவ்வூசலாட்டமே நலத்தின் அறிகுறி என்பது அவர்கள் கொள்கை. முதுமையில் துணையை இழந்தோரை ஆராய்ந்து பொனானோ முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பெரும் கலக்கமின்றி அத்துயரைத் தாங்கியோர் பலர் என்று காட்டியது. எனவே அழாதவரை அழுத்திப் பிடித்து அழவைப்பதும் மருத்துவமாகாது. அழவும் அழாதிருக்கவும் அவரவர்க்கு இடம் இருத்தலே வேண்டுவது.

இவ்வாய்வுகள் பயனுள்ளவை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றன. இறந்தவர் இறந்தார் என்பது தெரியும், உடல் கிடைத்தது, அடக்கம் நடந்தது, வீட்டில் அடுத்த வேளை உணவுக்கு வழியுண்டு, அழுபவரை எவரும் கைது செய்யப் போவதில்லை. இவை யாவும் இல்லாதவிடத்துத் துக்கம் எவ்வாறிருக்கும் என்பதை அறிய, பொஸ்டனுக்கன்று, நம் நாட்டுக்கே வரவேண்டும்.

தென்னிலங்கையில் 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சியும் அதன் அடக்குமுறையும் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞரைக் காணாமற் செய்தன. வடக்கில் 1984லேயே அன்னையர் முன்னணி வீதிக்கு வந்திருந்தது. 1990இல் தெற்கிலும் அன்னையர் முன்னணி எழுந்தது. நீதிமன்றத்தில் கேட்பாரற்ற அத்தாய்மார் தெய்வச் சந்நிதிகளிலே தேங்காய் உடைத்துச் சாபமிட்டனர். மட்டக்களப்பில் அதே பத்தாண்டில் அம்மன் கோயில்களில் தெய்வமாடும் பெண்கள், காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு வாக்குச் சொன்னதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்துள்ளார். வெளிப்படையாகப் பேசுவது ஆபத்தான காலத்தில், துயரம் தெய்வத்தின் வாயை இரவல் வாங்கிப் பேசியது. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. மனிதர் செய்யும் சபைகள் யாவும் கதவடைத்த பின்னரே மக்கள் இச்சபைகளை நாடினர் என்பதை உணர்வது நம் கடமை. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் உளப்பாதிப்பை ஆராய்ந்த தம் எழுத்துகளில், மரணச் சடங்குகள் தடைப்படுவது துயரை எவ்வாறு ஆழப்படுத்துகின்றது என்பதை வலியுறுத்தியுள்ளார்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கொண்ட முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில் பலர் பெயரறியப்படாமலே கூட்டாகப் புதைக்கப்பட்டனர். அது இயற்கையின் கொடுமை. 2020இல் நிகழ்ந்ததோ மனிதர் செய்தது. கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரித்தல் வேண்டுமென அரசு விதித்தது. அடக்கம் செய்யலாமென உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை அவ்விதி நீடித்தது. இருபது நாட் குழந்தையொன்றும் அவ்வாறு எரிக்கப்பட்டது. பின்னர் ஓட்டமாவடியில் மட்டும் அடக்கத்துக்கு இடம் அளிக்கப்பட்டது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரித்த பின் கேட்கும் மன்னிப்பு, முஸ்லிம் பெற்றோரின் இழவைக் குறைக்காது. அதன் மேல் ஏற்றிய இளிவை ஒப்புக்கொள்கின்றது என்ற அளவில் அதற்குப் பொருளுண்டு.

எல்லாவற்றிலும் கொடியது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நிலை. இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று 1999இல் தம் நூலொன்றில் போலின் பொஸ் விளக்கினார். இறந்தாரெனக் கொள்ளவும் முடியாது, வருவாரெனக் கொள்ளவும் முடியாது. பொட்டு வைத்தால் ஊர் ஏசும். வைக்காவிட்டால் உள்ளம் ஏசும். அந்தியேட்டி செய்ய நாளில்லை, திவசத்துக்குத் திதியில்லை. குடும்பத்துக்கு உழைத்தவர் போனமையால் வறுமை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதால் இளிவு. வாழ்ந்த வீட்டையும் காணியையும் இழந்தமையால் அசைவு. தொல்காப்பியர் பிரித்துக் கூறிய நான்கும் ஒரே பெண்ணின் தலையில் ஒன்றாக இறங்கியுள்ளன. மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுமாறு அவளுக்குக் கூறப்பட்டது. விசாரணையின்றி அதனை ஏற்பது, தன் கையெழுத்தாலேயே மகனைக் கொல்வதாக அவளுக்குத் தோன்றுகின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. அது சிறிய உதவியே. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த பெற்றோரில் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர்.

கோதமை கேட்ட சாட்சியையே இப்பெண்களும் கேட்கின்றனர். யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் தோண்டியபோது பதினைந்து எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் அங்கேயே சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்டவை வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளோடு பாடசாலைப் பையும் பொம்மையும் கிடைத்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அப்பொருள்கள் அடையாளம் காண்பதற்காக மக்கள் முன் வைக்கப்பட்டபோது, நடுகல்லின் முதற்படியாகிய காட்சி அங்கே தலைகீழாக நிகழ்ந்தது. அன்று இறந்தவன் யாரெனத் தெரியும். கல்லைத் தேடிக் கண்டனர். இன்று கண்முன் எலும்பு உண்டு. அது யாருடையதென்று தேடுகின்றனர்.

நினைவுகூர்தலும் எளிதாக இல்லை. போரின் கடைசி நாட்களில் உண்ட கஞ்சியை மே மாதத்தில் காய்ச்சிப் பகிர்வது, எட்டுச் செலவுக்கு நேர்மாறான ஒரு புதிய சடங்கு. அதில் இறந்தோர் விரும்பிய உணவு இல்லை. அவர்களுக்குக் கிடைத்த ஒரே உணவே உண்டு. 2024 மே மாதம் சம்பூர்ப் பகுதியில் அக்கஞ்சியை வழங்கிய பெண்கள் கைது செய்யப்பட்டனர். 2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்து நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவரின் போராட்டத்தின் பின் அது மீண்டும் எழுந்தது. அதே வேளையில் தமிழராகிய நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதொன்றுண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்டோர்க்காக நம் ஊர்களில் எத்தனை விளக்கு ஏற்றப்பட்டது? சீதுவை இரத்தொளுவைச் சந்தியில் ஒக்டோபர் 27ஆம் நாள் கூடி அழும் சிங்களத் தாயின் பெயரை நம் மாணவர் அறிவரா? தன் இழவை மட்டும் அழுது, அயலவன் இழவைக் கணக்கில் எடுக்காத துக்கம், விரைவில் பகையின் ஊழியனாகிவிடும். கிசா கோதமி எல்லா வாசலுக்கும் சென்றாள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நமக்கு இதில் நேரடிப் பொறுப்புண்டு. தந்தையை இழந்த மாணவனிடம் 'போனது போகட்டும், படிப்பைப் பார்' என்று கூறுவதைத் துணிவூட்டலென்று நாம் எண்ணுகின்றோம். இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை பேச அவனுக்கு இடம் அளிப்பது அதனினும் பெரிய உதவி. ஒப்பாரியைத் தேர்வு வினாவுக்காக மட்டும் கற்பியாமல், அதைப் பாடிய பெண்கள் எதற்காக அழுதனர் என்று வகுப்பில் ஆராயலாம். சடங்கைக் காப்போம் என்போர் முதலில் அதிலுள்ள சாதியையும் கைம்பெண் இழிவையும் நீக்கட்டும். நீக்கிய பின் எஞ்சும் கூட்டுணவும் கூட்டழுகையும் காப்பதற்குரியவையே. மகள் கொள்ளி வைக்கட்டும். சுடலை எல்லோர்க்கும் ஒன்றாகட்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நெடுந்துக்கம் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆறு மாதத்துக்கு மேலாகவும், அவரவர் பண்பாட்டு வழக்கத்தை மிஞ்சியும் நீடிக்கும் கடுந்துயர் அதனுள் அடங்கும். சிலருக்கு மருத்துவரின் உதவி இன்றியமையாதது. அதனை மறுப்பது பேதைமை. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாயை அப்பட்டியலில் சேர்த்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட முடியாது. அவள் வேண்டி நிற்பது உண்மை, எலும்பு, ஓரிடம், ஒரு நாள் ஆகியவையே. அவற்றைக் கொடுக்க மறுப்பவர் நோயின்றி நடமாட, அவளை நோயாளி என்பது நீதியாகாது.

இழவை ஒழிக்க எந்தச் சமுதாயத்தாலும் இயலாது. எத்தகைய புதிய உலகிலும் மனிதர் இறப்பர், மனிதர் அழுவர். ஆனால் இளிவும் அசைவும் வறுமையும் மரணத்தின் படைப்புகள் அல்ல. அவை சாதியாலும் ஆணாதிக்கத்தாலும் சுரண்டலாலும் அரசின் வன்முறையாலும் வந்தவை; ஆகவே மாற்றத்தக்கவை. அம்மூன்றையும் நீக்கிய சமுதாயத்திலேயே மனிதர் தம் இறந்தோர்க்காக நிறைவாக அழுது, நிறைவாக எழுந்து நடக்க முடியும்.